எல்லைக்கல்லுக்கு இங்குட்டு

பனையூருணி மலையம்மாளுக்குப் பயம் என்று ஒன்று இருந்ததென்றால் அது கருப்பரிடம் மட்டும்தான். புருஷனுக்கு அவள் பயந்ததில்லை. அவர் போய்ச் சேர்ந்தும் பத்து வருஷமாயிற்று. தாசில்தாரே வந்து கேட்டபோதுகூட வாயிலிருந்த வெற்றிலையை நிதானமாகத் துப்பிவிட்டுத்தான் பதில் சொன்னாள். ஆனால் நொச்சியேந்தல் எல்லைக் கருப்பர் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், கன்னத்தில் போட்டுக்கொள்வாள். இத்தனைக்கும் நொச்சியேந்தல் அவள் ஊர் இல்லை. அவள் மருமகள் பொன்னழகு பிறந்த ஊர்.

வைகாசி, ஆனி வந்துவிட்டால் அந்தப் பக்கத்தில் ஊருக்கு ஊர் புரவி எடுப்பு நடக்கும். வேளார் செய்து கொடுக்கிற மண் குதிரைகளைத் தோளில் தூக்கிப் போய் அய்யனார் கோயிலில் இறக்குவார்கள். அதற்கு எட்டு நாளுக்கு முன்னால் சாமியாடிக்குக் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டியபின் ஊரார் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. மற்ற ஊர்களில் அவ்வளவுதான். பகலில் எங்கே சுற்றினாலும் சாமி கண்டுகொள்ளாது. நொச்சியேந்தல் கருப்பர் கொஞ்சம் முரட்டு ஆள். காப்புக் கட்டுகிற நேரத்தில் எல்லைக்குள் யார் நின்றாலும், உள்ளூர்க்காரரோ வெளியூர்க்காரரோ, புரவி கோயிலில் இறங்குகிறவரை பகலிலும் எல்லையைத் தாண்டக் கூடாது. பிறகு வருகிறவர்கள் வரலாம், போகலாம். அந்த நேரத்தில் உள்ளே இருந்தவர்கள் அகப்பட்டவர்கள்தான். எப்போதோ ஒரு உப்பு வியாபாரி இதைக் கேலி செய்துவிட்டுத் தாண்டினானாம். கால் உலக்கையாக வீங்கிவிட்டதாம். இந்தக் கதையை ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பியதே மலையம்மாள்தான்.

பொன்னழகு கல்யாணமாகி வந்தபோது, மாதம் ஒருமுறை ஆத்தா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று பேச்சு. நாலு மைல்தானே. பிறகு அது நல்ல நாள் பெரிய நாளுக்கு மட்டும் என்றாயிற்று. அதற்கும் பிறகு, போனால் அன்றைக்கே திரும்ப வேண்டும் என்றாயிற்று. தலைப்பிரசவத்துக்குப் போனவளை முப்பதாம் நாளே வண்டி கட்டிக் கூட்டி வந்துவிட்டார்கள். அதோடு சரி. மூன்று வருஷமாக ஆத்தா வீட்டில் ஒரு ராத்திரி அவள் தலை சாய்க்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணமும் நியாயமாகவும் இருந்தது. மலையம்மாளின் சாமர்த்தியமே அதுதான். சண்டை போட மாட்டாள், சோற்றில் குறை வைக்க மாட்டாள், ஊரில் போய் மருமகளைப் பழித்துப் பேசவும் மாட்டாள். அடுத்த தடவை போயேன் தாயி என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். குனியக் குனியக் கொட்டுகிறவர்களில் சிரித்துக்கொண்டே கொட்டுகிறவர்களிடம்தான் தப்பவே முடியாது.

புருஷன் மாயக்கண்ணன் நல்லவன். செட்டியார் வீட்டுக் கட்டட வேலைக்குச் சுண்ணாம்பு வண்டி அடித்துக்கொண்டிருந்தான். குடியில்லை, சூதில்லை. ஆத்தா கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை என்று ஊரில் பெயர். கேட்பவர்களுக்கு அது பெருமையாக இருக்கும், கட்டிக்கொண்டவளுக்குத்தானே தெரியும்.

இதையெல்லாம்கூடப் பொன்னழகு பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் சாமிக்குச் சொன்ன வாக்கு ஒன்று பாக்கி நின்றது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் மகள் கருப்பிக்கு அம்மை போட்டிருந்தது. பிள்ளை கண் திறக்காமல் வேப்பிலையில் கிடந்த ஒன்பது நாளும் பொன்னழகு தன் ஊர்த் திசையைப் பார்த்து நின்று வேண்டினாள். பிள்ளை பிழைத்தால், காப்புக் கட்டிய நாளிலிருந்து எட்டு நாளும் ஊரிலேயே இருந்து, ஒரு வேளைச் சோறு உண்டு விரதம் பிடித்து, மண்ணால் செய்த மதலைப் பிள்ளையைத் தலையில் ஏந்திக் கோயிலுக்குக் கொண்டுவருகிறேன் என்று. பிள்ளை பிழைத்துவிட்டது. மதலைதான் இன்னும் கோயிலுக்குப் போகவில்லை. முதல் வருஷம் காப்புக்கு முந்தின நாள் மாடு கன்று போட்டது. மறு வருஷம் மலையம்மாளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. காப்புக் கட்டிய மறுநாள் அது தானாக விட்டும் விட்டது.

கீழச்சிவல்பட்டிக்கு மோட்டார் பஸ் வந்த வருஷம் சித்திரையிலேயே மலையம்மாள் வாய் திறந்து வாக்குக் கொடுத்தாள்: இந்தத் தடவை நானே வண்டி கட்டி அனுப்புறேன். பொன்னழகுக்குத் தலைகால் புரியவில்லை. தான் இல்லாத எட்டு நாளும் வீட்டில் குறை இருக்கக் கூடாதென்று பத்து நாளாக விடியுமுன்னே எழுந்து நெல் குத்தினாள். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. உடைந்து காய்த்தும் போயிற்று. இரண்டு பெரிய பானை நிறைய அரிசி சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு உலக்கைப் போட்டுக்கும் ஆத்தா ஊர் ஒரு அடி கிட்டே வந்ததுபோல் அவளுக்கு இருந்தது.

செவ்வாய்க்கிழமை காப்பு. திங்கட்கிழமை சாயங்காலம் மலையம்மாள் கூரை மேய ஆள் பேசிவிட்டு வந்து நின்றாள். விடிந்தால் ஆறு பேர் வருவார்கள், நாலு நாள் வேலை, அத்தனை பேருக்கும் சோறு பொங்கியாக வேண்டும். சுற்றுவட்டாரம் முழுக்கச் செட்டிமார் வீடு கட்டுகிற வேலை நடக்கிறபோது கூரை மேய ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்ததை விடலாமா என்று கேட்டாள். பொன்னழகு வேண்டுதலைச் சொன்னாள். அதற்கும் மாமியாரிடம் வழி இருந்தது.

"விரதத்தை இங்ஙனயே இரு. புரவி அன்னைக்குக் காலையில போயி மதலையத் தூக்கி வச்சிட்டுப் பொழுதோட வந்துரு. காப்புக்கு உள்ள மாட்டிக்கிட்டியன்னா எட்டு நாளைக்கு ஒன்னைய வெளிய எடுக்க எவனாலயும் முடியாது. அந்தக் கருப்பன் லேசுப்பட்டவன் இல்ல."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். பானையைத் திறந்து பார்க்கிற சத்தம் கேட்டது. அங்கிருந்தே சந்தோஷமாகச் சொன்னாள், அரிசி நிறையக் கிடக்கிறது, கூரை ஆட்களுக்குப் பொங்க வசதியாகப் போயிற்று என்று.

பொன்னழகு கொப்புளம் காய்ந்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. எதற்கும் ஒரு எல்லை உண்டு. தன்னுடையது இந்த அரிசிப் பானையோடு முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாமியார் தாண்ட முடியாத சுவர் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதையும் மாமியார் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். தவளை தன் வாயால்தானே கெடும்.

மறுநாள் கூரை ஆட்களுக்குக் குறை வைக்கவில்லை. மத்தியானம் ஆறு பேருக்கும் வயிறாரப் போட்டு, சட்டி பானை கழுவிக் கவிழ்த்தாள். சுண்ணாம்பு வண்டியோடு வந்து இறங்கிய புருஷனிடம், என்னைக் கொண்டுபோய் விடுகிறீர்களா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு ஆத்தாளைக் கேளு என்றான். சரி, அவனையும் கேட்டாயிற்று. மாற்றுச் சேலையை மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்து, கருப்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வாசலில் கீற்று எண்ணிக்கொண்டிருந்த மாமியார் முன்னால் போய் நின்றாள்.

"அத்தை, நான் போறேன். அரிசி பானையில இருக்கு. எட்டு நாள் கழிச்சு வாரேன்."

மலையம்மாள் சிரித்தாள். கோபித்துக்கொண்டு போகிறவள் ஊருணிக் கரை வரைக்கும் போவாள், காற்று வாங்கிவிட்டுத் திரும்பி வருவாள் என்று கூரை ஆட்களிடம் சொல்லிவிட்டுக் கீற்றை எண்ணினாள். கொஞ்ச நேரம் கழித்து, கூரை மேல் உட்கார்ந்திருந்த சோணை என்ற ஆள் கையைப் புருவத்தில் வைத்துத் தூரத்தில் பார்த்தான். ஒங்க மருமக கம்மாய்க்குள்ள இறங்குதே ஆத்தா என்றான். கீற்று கீழே விழுந்தது. சுண்ணாம்பைக்கூட இறக்காமல் வண்டியைத் திருப்பினார்கள் என்பதெல்லாம் பொன்னழகு பிறகு கேள்விப்பட்டது.

வண்டிப் பாதை கண்மாயைச் சுற்றி நாலு மைல். கண்மாய்க்குள் குறுக்கே விழுந்தால் இரண்டு மைல்கூட வராது. வைகாசி வெயிலில் கண்மாய் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பொன்னழகு முதலில் நடந்தாள். நடக்க நடக்க, தான் நிஜமாகவே புறப்பட்டுவிட்டோம் என்பது அவளுக்கே உறைத்தது. பயம் பாதி, சந்தோஷம் பாதி. எது எதுவென்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

அப்போது முதல் வெடி கேட்டது. நொச்சியேந்தலில் காப்புக்கு மூன்று அதிர்வேட்டுப் போடுவார்கள். ஊர் கோயிலில் கூடினால் ஒன்று. சாமியாடி குளித்து வந்து நின்றால் இரண்டு. காப்பு கையில் ஏறினால் மூன்று. வெடிச் சத்தத்தில் கண்மாயிலிருந்த கொக்கெல்லாம் மொத்தமாகக் கிளம்பின. கருப்பி கையைத் தட்டி இன்னொன்று போடச் சொன்னாள். போடுவாகடி, அதுதான் எம் பயமே என்று சொல்லிவிட்டுப் பொன்னழகு ஓடத் தொடங்கினாள்.

பாதிக் கண்மாயில் திரும்பிப் பார்த்தாள். வடக்கே கரை மேல் புழுதி கிளம்பி வந்துகொண்டிருந்தது. புழுதிக்கு நடுவில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பறந்தது. வேறு யாருடைய வண்டியாகவும் இருக்க முடியாது. காளைகள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தால் ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் மலையம்மாள் உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் தெரிந்துவிட்டது.

கண்மாய் நடுவில் மட்டும் கொஞ்சம் பள்ளம். அங்கே தண்ணீர் வற்றியும் சேறு வற்றவில்லை. சுற்றிப் போனால் கால் மைல் கூடும். தலைக்கு மேல் போன வெள்ளம் சாண் என்ன, முழம் என்ன என்று நேராகச் சேற்றில் இறங்கினாள். முழங்கால்வரை புதைந்தது. ஒரு காலை உருவினால் இன்னொரு கால் உள்ளே போயிற்று. பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். தலை மூட்டையையும் பிள்ளையையும் சேர்த்துச் சுமக்க முடியாமல் மூட்டையைச் சேற்றிலேயே வீசினாள். போனால் போகட்டும், ஆத்தா வீட்டில் உடுத்த ஒரு சேலை கிடைக்காதா. நாலு அடி, எட்டு அடி, பதினாறு அடி. இந்தப் பக்கம் கெட்டித் தரை காலில் பட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. தோளில் இருந்த கருப்பியும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தாள்.

தெற்குக் கரை ஏறும்போது இரண்டாவது வெடி.

கரைக்கு அந்தப் பக்கம் நாலு வயல். அதைத் தாண்டினால் இலுப்பை மரம். மரத்தடியில் சுண்ணாம்பு பூசி, வேப்பங்குழை கட்டி நிற்கிறது எல்லைக்கல். வண்டிப் பாதையும் ஒற்றையடிப் பாதையும் சேருகிற இடமும் அதுதான். வண்டியின் சலங்கைச் சத்தம் இப்போது காதில் விழுந்தது. பொன்னழகு வரப்பை விட்டு வயலுக்குள் இறங்கி ஓடினாள். அறுத்த நெல் தாள் காலைக் குத்தியது, மூச்சு நெஞ்சில் குத்தியது. பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஓடு ஆத்தா ஓடு என்று மாட்டை விரட்டுவதுபோல விரட்டியது. வண்டி முடுக்குத் திரும்பியது. சலங்கை முதுகுக்குப் பின்னால் கேட்டது. ஆத்தா பேரைச் சொல்லி மாயக்கண்ணன் காளையை அதட்டுவதும் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கால் நின்றுவிடும் என்று திரும்பாமலே ஓடினாள். எல்லைக்கல்லை ஒரு கையால் தொட்டுக்கொண்டே உள்ளே போய் விழாத குறையாக நின்றாள்.

காளைகள் கல்லுக்கு அங்குட்டே நுரை தள்ளிக்கொண்டு நின்றன. மலையம்மாள் தலை முதல் கால்வரை சுண்ணாம்பாக இருந்தாள். அந்தக் கோலத்திலும் அவள் கத்தவில்லை. பிள்ளை சேறும் சகதியுமாக இருக்கிறதே, வா தாயி, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று அதே சிரிப்போடு கையை நீட்டினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பழக்கத்தில் பொன்னழகின் தலை ஆடப் பார்த்தது. அவள் அதை ஆட விடவில்லை.

"இம்புட்டுத்தான் அத்தை," என்றாள். மூச்சு வாங்கியது. "மாசம் ஒருக்காங்கிறது வருசம் ஒருக்காங்கிற மாதிரி ஆச்சு, சரின்னேன். போன அன்னைக்கே வரணும்னீக, அதுக்கும் சரின்னேன். சாமிக்குச் சொன்னத மட்டும் விட்டுத்தர மாட்டேன். வருசத்துல இந்த எட்டு நாள் எனக்கு. மத்த நாளெல்லாம் நீங்க சொல்றபடி."

மாமியாரிடம் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. வண்டியிலிருந்த மாயக்கண்ணன் தன் பெண்டாட்டியை யாரோ என்பதுபோல் பார்த்தான். மலையம்மாள் அவன் பக்கம் திரும்பி, இறங்கிப் போய்க் கூட்டிவரச் சொன்னாள். அவன் இறங்கினான். கல்வரைக்கும் வந்தான். கல்லைப் பார்த்தான், ஆத்தாளைப் பார்த்தான், திரும்பக் கல்லைப் பார்த்தான்.

"ரெண்டாவது வெடி போட்டாச்சே ஆத்தா," என்றான்.

கோடு தாண்டாத பிள்ளை அன்றைக்கும் தாண்டவில்லை. என்ன, அன்றைக்கு அது வேறு ஆள் கிழித்த கோடு.

மலையம்மாளின் சிரிப்பு போய்விட்டது. மூன்றாவது வெடிக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று அவள் கணக்குப் போட்டாள். சாமியாடி மூன்று முறை கோயிலைச் சுற்ற வேண்டுமே. வண்டியிலிருந்து குதித்தாள். கல்லைத் தாண்டினாள். விறுவிறுவென்று வந்து மருமகள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். பொன்னழகு திமிறவில்லை, எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவளை இழுத்துக்கொண்டு போவது லேசா? மலையம்மாள் இந்தப் பக்கம் இழுத்தாள், அந்தப் பக்கம் போய் இழுத்தாள், குதிகாலை ஊன்றிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தாள்.

மூன்றாவது வெடி இலுப்பை மரத்தையே உலுக்கியது.

மணிக்கட்டிலிருந்த பிடி தளர்ந்தது. மலையம்மாள் தன் காலைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். கல்லுக்கும் காலுக்கும் நடுவில் எட்டு அடி இருந்தது, அதுவும் தப்பான பக்கத்தில். ஒரு காலை அந்தப் பக்கம் எடுத்து வைக்கப் போனவள் நெருப்பை மிதித்ததுபோல் இழுத்துக்கொண்டாள். உப்பு வியாபாரியின் கால் அவள் கண் முன்னால் வந்திருக்க வேண்டும். மெதுவாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு மருமகள் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தாள்.

கருப்பிக்குத்தான் கொண்டாட்டம். "அப்பத்தாளும் வந்துருச்சு," என்றாள்.

கல்லுக்கு அங்குட்டு மாயக்கண்ணன் இன்னும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். வெகு நேரம் யோசித்து, ராத்திரிச் சோற்றுக்கு என்ன செய்வது என்று கேட்டான். அரிசி பானையில் இருக்கிறது என்றாள் பொன்னழகு.

எட்டு நாளும் நொச்சியேந்தலே சிரித்தது. சம்பந்தி இப்படி வந்து விழுவாள் என்று எதிர்பாராத பொன்னழகின் ஆத்தா கருப்பம்மாள் நடுங்கிப் போய், வீட்டில் இருந்த ஒரே கட்டிலைக் கொடுத்தாள். மலையம்மாள் முதல் இரண்டு நாள் அந்த ஊரில் யாரோடும் பேசவில்லை. காலையும் மாலையும் எல்லைக்கல்லுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். மாயக்கண்ணன் அந்தப் பக்கம் வந்து நின்று சோற்றுக்கு எத்தனை படி தண்ணீர், உப்பு எந்தக் கலயத்தில் இருக்கிறது என்று கேட்பான். இவள் இந்தப் பக்கத்திலிருந்து கத்திக் கத்திச் சொல்வாள். அவன் பொங்கிப் போட்டதைத் தின்ற கூரை ஆட்கள் நாலு நாள் வேலையை மூன்றே நாளில் முடித்துவிட்டு ஓடிப் போனார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மலையம்மாள் கட்டிலில் சும்மா சாய்ந்தாள். எழுப்ப ஆளில்லை. பொழுது சாய்ந்தபின் எழுந்து, பகலில் இப்படித் தூங்கிவிட்டேனே என்று வெட்கப்பட்டாள். நாலாம் நாள் கருப்பம்மாளோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். ஆறாம் நாள் வேளார் வீட்டுக்குப் போய், குதிரைக்குப் பூசிய வர்ணம் சரியில்லை என்று குறை சொன்னாள். அவளுக்கு உடம்பு தேறிவிட்டது என்று பொன்னழகு அப்போதே புரிந்துகொண்டாள். அன்றைக்குச் சாயங்காலம் ஊருணியில் தண்ணீர் எடுக்கும்போது, தன் ஊரிலும் புரவி எடுப்பு உண்டு என்று மலையம்மாள் தானாகச் சொன்னாள். கண்டரமாணிக்கத்துக்கு அந்தப் பக்கம், வேம்பங்குளம். வாழ்க்கைப்பட்டு வந்து முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பார்க்கப் போகவில்லையாம். மாமியார் விடவில்லையாம். அவர்தான் செத்து இருபது வருஷம் ஆயிற்றே என்று பொன்னழகு கேட்டாள். மலையம்மாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"ஆமா. அதுக்குப் பெறகு நானே போகல."

எட்டாம் நாள் புரவி கிளம்பியது. பறையும் கொம்பும் முழங்க, ஆள் உயரக் குதிரைகள் தோள் மேல் குலுங்கிக் குலுங்கி வந்தன. பொன்னழகு மஞ்சள் சேலை உடுத்தி மதலையைத் தலையில் ஏந்தி நடந்தாள். இரண்டு வருஷத்துப் பாரம். தலையில் ஏறிய பிறகு அது பாரமாகவே இல்லை. அவளுக்குப் பின்னால் கருப்பியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த மலையம்மாள் போட்ட குலவை கொம்புச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. மதலையைக் கோயிலில் இறக்கியபோது பொன்னழகு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், அதை யாரிடமும் மறைக்கவும் இல்லை.

மறுநாள் காலை எல்லைக்கல்லுக்கு அங்குட்டு வண்டி நின்றது. எட்டு நாளில் மாயக்கண்ணன் பாதியாக இளைத்திருந்தான். மலையம்மாள் உற்சாகமாக ஏறப் போனவள் நின்று, அடுத்த வருஷம் நேரத்தோடு வண்டி கட்ட வேண்டும், நானும் உன்னோடேயே வந்துவிடுகிறேன், சம்பந்தியிடமும் சொல்லிவிட்டேன் என்றாள். அதே சிரிப்பு. காரணமும் வழக்கம்போல நியாயமானதுதான்.

பொன்னழகு மாமியாரைப் பார்த்தாள். எட்டு நாளில் அந்த முகம் அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது. பிடித்துப் போனது வேறு, தலையாட்டுவது வேறு என்பதும் அதே எட்டு நாளில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"வேணாம் அத்தை," என்றாள். "இது எங்க ஆத்தா ஊரு. இந்த எட்டு நாள் எனக்கு. நீங்க ஒங்க ஆத்தா ஊருக்குப் போங்க."

மாயக்கண்ணன் கையிலிருந்து கயிறு நழுவியது. ஆத்தாளும் இல்லை, அய்யனும் இல்லை, அங்கே யார் இருக்கிறார்கள் என்று மலையம்மாள் முனகினாள். ஊர் இருக்கிறதே என்றாள் பொன்னழகு.

வண்டி கண்மாய்க் கரையை முழுக்கச் சுற்றி முடித்தது. ஊருக்குள் நுழையும்போதுதான் மலையம்மாள் வாயைத் திறந்தாள், மருமகளைப் பார்த்து அல்ல, மகனைப் பார்த்து.

"வேம்பங்குளத்துல ஆனி மூணாஞ் செவ்வா காப்பு," என்றாள். "இன்னும் பதிமூணு நாள் கெடக்கு."

மறுநாள் விடியுமுன் பொன்னழகு கண் விழித்தாள். புறக்கடையில் உலக்கைச் சத்தம் கேட்டது. மாமியார் நெல் குத்திக்கொண்டிருந்தாள். வயசான கை, இரண்டு போட்டுக்கு ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு குத்தியது. பொன்னழகு உலக்கையை வாங்கப் பாயை விட்டு எழுந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பப் படுத்து, பிள்ளையை அணைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்தை விடிகிறவரை கேட்டுக்கொண்டே கிடந்தாள்.